கோலுக்குப் பின்னால் நின்றவர்கள்

சந்தேகப்படுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். செலக்ஷன் என்று சொல்வோம். வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னல் ஓரம் நீளமான மேஜை. பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோல் ஒவ்வொன்றாக அதில் வந்து விழும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி இறங்கிய தடம், சுண்ணாம்பில் கூடுதலாக ஊறியதால் வந்த தளர்ச்சி என்று எல்லாவற்றையும் விரலாலும் கண்ணாலும் தேடிப்பிடித்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரித்துப் போட வேண்டும். குற்றமே இல்லாத தோல் என் மேஜைக்கு வந்ததில்லை. அப்படி ஒன்று தெரிந்தால் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இந்தப் புத்தி மேஜையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பார்த்து உதை வாங்காமல் தப்பித்திருக்கிறேன். "கத்திரிக்காயையே நாலு தபா திருப்பிப் பாக்கற ஆளு, என்னை மட்டும் எப்படி ஒரே தபா பாத்துட்டு சரின்னு சொன்ன?" என்று என் மனைவி கேட்பாள்.

புத்தியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற இடமாக எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் டேனரியின் கால்பந்து மைதானம்.

மைதானம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு பக்கம் பெங்களூர் ரோடு, மறுபக்கம் பாலாறு, நடுவில் எங்கள் பொட்டல். புல் பேருக்குக்கூடக் கிடையாது. தோல் பதனிடும் தொட்டியில் சாறு இறங்கிப் பயனற்றுப்போன மரப்பட்டைத் தூளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி மேடு பள்ளத்தை நிரவியிருந்தார்கள். அப்படியும் தரை ஆற்றுப் பக்கம் சாய்ந்தே இருக்கும். நேராக உதைத்த பந்து கொஞ்சம் யோசித்துவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பும். எங்கள் பையன்களுக்கு அது பழக்கம். வந்தவர்கள் முதல் பாதி முழுக்க பந்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

பந்து போகட்டும், வாடையை என்ன செய்வார்கள்? ஊறல் தொட்டிகளின் மேல் அடித்த காற்று நேராக மைதானத்துக்கு வரும். எங்களுக்கு அது வீட்டு வாடை, தெரியவே தெரியாது. கலவை என்கிற ஊரிலிருந்து ஆட வந்த ஒரு அணி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கியது. கொள்ளைக்காரர்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்று நாங்கள் கத்திய கத்தலில் கைக்குட்டையைக் கழற்றிவிட்டு, அப்புறம் மூச்சுவிட முடியாமல் தோற்றுப்போனார்கள். பாவம்தான். ஆனால் யாரும் பாவம் பார்க்கவில்லை.

ஜெயிப்பதற்காகத்தான் நாங்கள் அங்கே போனோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதி ஆட்டம் தோற்போம். வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே பக்கம் பார்த்துக் கத்தலாம், அதற்காகப் போனோம். நான் கழித்துப் போட்ட தோலுக்காகப் பேச்சு வாங்குகிறவர்கள் சுண்ணாம்புத் தொட்டி ஆட்கள். நான் கழிவு என்று சொன்னால் மேனேஜர் அவர்களைக் கூப்பிட்டு, எத்தனை நேரம் ஊறவைத்தாய் என்று கேட்பார். அதனால் என்னைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. வேலை நாளில் அவர்கள் டீ குடிக்கிற இடத்துக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஆனால் மைதானத்தில் நம் பையன்கள் கோல் போட்டுவிட்டால், பக்கத்தில் நிற்பது யார் எவர் என்று பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஊறல் ஆள் ஒருவர் என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கீழே இறக்கிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார். சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த அரை நிமிஷத்துக்காக நான் வருஷம் முழுக்கப் போவேன்.

மைதானத்திலும் அவரவருக்கு இடம் உண்டு. ஆபீஸ் ஆட்களும் செலக்ஷன் ஆட்களும் ரோட்டுப் பக்கக் கோடு. பேக்கிங் ஆட்கள் ஆற்றுப் பக்கம். சுண்ணாம்புத் தொட்டி ஆட்கள் மட்டும் கோலுக்குப் பின்னால். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போகமாட்டார்.

எங்கள் கோல் கீப்பர் குடியாத்தத்துப் பையன். லுங்கி நெய்கிற குடும்பம். தறிச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ சத்தம் போட்டுத்தான் பேசுவான். பந்து பிடிக்கிற திறமையைப் பார்த்துத்தான் கம்பெனியில் சேர்த்தார்கள். பேக்கிங்கில் தற்காலிக வேலை. இந்த வருஷம் நன்றாக ஆடினால் நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று பெண் வீட்டார் காத்திருந்தார்கள். ஆகாவிட்டால் மறுபடி தறிக்குழிதான். தறிக்குழிக்குப் போகமாட்டேன் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். நல்ல பையன் என்று ஊரே சொன்னது. ஊரே நல்லவன் என்று சொல்கிற ஆளைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும், திருப்பிப் பார்க்க.

அந்த வருஷம் அவன் எங்கள் மைதானத்தில் கோலே விடவில்லை என்று சொல்லலாம். வெளியூர் போனால் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். ராணிப்பேட்டையில் ஒரு ஆட்டம், வேலூரில் ஒரு ஆட்டம், இரண்டும் தோல்வி. இரண்டிலும் முதல் பாதியில் புலி மாதிரி நின்றவன் இரண்டாம் பாதியில் நேராக வந்த பந்தை விட்டான். டீக்கடையில் பேச்சு கிளம்பியது.

"இங்க ஒண்ணு உள்ள வுடறானா பாரு? வெளியூர் போனா மட்டும் இன்னா ஆவுது இவனுக்கு?"

"இன்னா ஆவும், கை நீட்டியிருப்பான். ஆட்டத்த வித்துட்டான்."

நெருப்பில்லாமல் புகையாது என்று நினைக்கிற ஜாதி நான். கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் கிடைக்காமல் போகுமா?

முதலாவது, அவன் பொழுது சாய்ந்தால் கண்ணில் படமாட்டான். கூட்டாளிகள் எல்லாரும் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போவார்கள், இவன் ஒரு நாளும் போனதில்லை. அந்த நேரத்தில் யாரைப் பார்க்கப் போகிறான்? அடுத்து, ஞாயிறு காலையில் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி அவனிடம் ஒரு பொட்டலம் கொடுப்பதைப் பார்த்தேன். மேஸ்திரி ஐம்பது வயது பாய். சுண்ணாம்பில் வெந்து வெந்து கை தேங்காய் மட்டை மாதிரி இருக்கும். இரண்டு பேரும் மூலையில் நின்று, இலையில் சுற்றிய பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார்கள். பணத்தை எவனாவது இலையில் சுற்றுவானா என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகம் பிடித்தவன் அப்படியெல்லாம் கேட்கமாட்டான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறொன்று. கோலுக்குப் பின்னால் நிற்பவர்கள் எந்தக் கோலுக்குப் பின்னால் நிற்பார்கள்? நம் பையன்கள் கோல் போடுவதைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டால் எதிராளியின் கோலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இவர்கள் எங்கள் கோலுக்குப் பின்னால் நின்றார்கள். இடைவேளை விட்டு இரண்டு அணியும் பக்கம் மாறியதும், மேஸ்திரி தலைமையில் அந்தக் கூட்டம் மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போய் மறுபடியும் எங்கள் கீப்பருக்குப் பின்னால் நிற்கும். நின்று என்னவோ கத்திக்கொண்டே இருக்கும். ரோட்டுப் பக்கம் நிற்கும் எங்களுக்கு "ஆத்தாண்ட, ரோட்டாண்ட" என்று அரைகுறையாகக் காதில் விழும். எவனாவது தன் வீட்டில் எழவு விழுவதைப் பார்க்க இடம் பிடித்து நிற்பானா? இவர்கள் எதற்காக அவன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்?

இந்த நிலையில்தான் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீக்கடைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது.

"உன் கண்ணுல படாத குத்தம் கிடையாது. இந்த ஞாயித்துக்கிழமை அவனைக் கவனி. வித்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே கணக்கை முடிச்சு குடியாத்தத்துக்கு பஸ் ஏத்திடறேன்."

சரி என்று வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு வாணியம்பாடி அணி வந்திருந்தது. வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும், விளக்கெல்லாம் கிடையாது. இரண்டாம் பாதி முடிவதற்குள் பந்து கறுத்துவிடும். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இடைவேளையில் மேஸ்திரியின் கூட்டம் மறுகோடிக்கு நடக்க ஆரம்பித்ததும் நானும் ரோட்டுப் பக்கத்தை விட்டுக் கிளம்பினேன். மைதானத்தில் அத்தனை வருஷத்தில் நான் இடம் மாறி நின்றது அன்றுதான்.

என்னைப் பார்த்ததும் பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இன்னா சார், வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றார் மேஸ்திரி. "ஆபீஸ் ஆளுங்க நிக்கற எடம் அங்க."

"இங்கருந்து பாத்தா நல்லா தெரியும்னாங்க."

"யாரு சொன்னா?"

நான் கூட்டத்தின் ஓரமாக நின்றுகொண்டேன். அவர் நெருப்புக்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு பந்தைப் பார்க்க ஆரம்பித்தார். மற்றவர்களும் சாமி கும்பிடுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாராவாரம் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம், ஒரு முனகல்கூட இல்லை. மடியில் கனம் இருக்கிறது, அதுதான் வழியில் பயம் என்று நான் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

வெளிச்சம் வேகமாக இறங்கியது. ஆற்றுப் பக்கமாக வாணியம்பாடி ஆள் ஒருவன் பந்தோடு வந்தான். எங்கள் கீப்பர் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் காலை அகட்டி நின்றான். ஆனால் தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது. பந்து வந்தது. வேகமான உதைகூட இல்லை, உருட்டிவிட்ட மாதிரி. அவன் ரோட்டுப் பக்கம் பாய்ந்தான். பந்து ஆற்றுப் பக்கம் உள்ளே போயிற்று.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா?

அவன் எழுந்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினான். எனக்கும் அவனுக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். நேராக என் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, பயந்துபோன குரலில் கேட்டான்.

"ஏம்பா, யாரும் இல்லியா? எல்லாம் போய்ட்டீங்களா?"

அவன் கண் என் முகத்தின்மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பதினோரு பேர் எதிரில் நிற்கிறோம், ஒருத்தனைக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. அத்தனை வெறுப்பு. வாயைத் திறந்தால் பையனின் குட்டு என் எதிரில் உடையும், திறக்காவிட்டால் அடுத்த பந்தும் உள்ளே போகும். அந்த ஆள் தவித்துக்கொண்டு நின்றார்.

"இங்கதாம்பா கீறோம்" என்றேன் நான்.

"யாரு அது?" என்றான் கீப்பர்.

பதில் சொல்ல நேரமில்லை. நடுவிலிருந்து பந்தை எடுத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வாணியம்பாடி ஆள் மறுபடி வந்தான். ரோட்டுப் பக்கம் தோளைச் சாய்த்துக் காட்டினான். மேஸ்திரியின் கூட்டம் ஒரே குரலில் "ரோட்டாண்ட!" என்று கத்தியது. எனக்கு அந்தத் தோள்மேல் நம்பிக்கை வரவில்லை. பத்து வருஷமாக நல்ல பக்கத்தைக் காட்டுகிறவனின் மறுபக்கத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான். "இல்ல, ஆத்தாண்ட! ஆத்தாண்ட, கீய!" என்று அலறினேன். கீப்பர் ஆற்றுப் பக்கம் கீழே விழுந்தான். பந்து அவன் மார்பில் வந்து மோதியது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கூட்டம் கலைந்தபிறகு மேஸ்திரியை மறித்துக்கொண்டேன். எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"இத்தினி நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தா நான் ஏன் அங்க வந்து நிக்கப் போறேன்? நீங்க ஏன் வாய மூடிக்கினு ஒரு கோல வுடப் போறீங்க?"

"உங்கிட்ட சொல்றதும் ஒண்ணு, மேனேஜர் ரூம் கதவுல எயுதி ஒட்டறதும் ஒண்ணு" என்றார் மேஸ்திரி. "இன்னிக்கு யாரு சொல்லி வந்த? அவருதானே அனுப்பிச்சாரு?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தரையில் துப்பினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சொல்ல ஆரம்பித்தார்.

"மாலைக்கண்ணு. பகல்ல கழுகு மாதிரி பாப்பான். பொயுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. டாக்டர்கிட்ட போனா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்னு பயம். ஈரல் துன்னா சரியாப் பூடும்னு எங்க வூட்ல சொன்னாங்க. வாரா வாரம் இலைல சுத்திக் குடுக்கறேன். கம்மியாவவே இல்ல. அதான் நாங்க நின்னுக்கினு சொல்றோம். ஆறும் ரோடும் எந்தப் பக்கம் மாறி நின்னாலும் அதே எடத்துலதானே கீது, அவனுக்குக் கொயப்பம் வராது. வெளியூர்ல ஆறு எங்க, ரோடு எங்க? நாங்கதான் எங்க? எல்லாரும் லீவு போட்டுட்டுப் போவ முடியுமா?"

ஈரல். நான் அத்தனை நாள் லஞ்சப் பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஆட்டு ஈரல். சிரிப்பு வரவேண்டிய இடம்தான், வரவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னப்பா, வித்தானா?"

"இல்ல சார். குத்தம் ஒண்ணும் இல்ல."

"உருட்டி விட்ட பந்தைக் கூடப் பிடிக்கல. நானே பாத்தேன்."

"நான் பின்னாடி போய் நின்னேன். அதனால வந்த தப்பு அது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தோலைப் பார்ப்பேனே, அதே பார்வை.

"எதையும் குத்தம் இல்லன்னு சொல்லாத ஆளு நீ. உனக்கு எவ்வளவு கொடுத்தான்?"

மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மனைவி பிள்ளைகளை நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு தன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கண்ணெதிரில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பையனின் கதையை அன்றே முடிவு செய்வதாகவும் சொன்னார். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னால் நம்புவாரா? நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்பார். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் நான் கழித்த தோல் ஜாஸ்தி.

அடுத்த ஞாயிறு ஆற்காட்டு அணி. அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். ரோட்டுப் பக்கக் கோட்டில் மேனேஜர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் காவல் கைதி மாதிரி நான். கோலுக்குப் பின்னாலிருந்து மேஸ்திரியின் ஆட்கள் எங்களைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் பாதியில் கோல் இல்லை. மேகம் வேறு போட்டுவிட்டது. இடைவேளைக்குள்ளேயே இருட்டு கட்டிக்கொண்டது. பக்கம் மாறும் நேரத்தில் எங்கள் கீப்பர் நேராகக் கோலுக்குப் போகாமல் ரோட்டுப் பக்கம் வந்தான். மெதுவாக, தரையைக் காலால் தடவித் தடவி வந்தான். வராதே, வராதே என்று மனதுக்குள் கத்துகிறேன். வெள்ளைச் சட்டைகள் மசமசவென்று தெரிந்திருக்க வேண்டும், எங்கள் எதிரில் வந்து நின்றான்.

"செலக்ஷன் சார் இங்க கீறாரா?"

பேசினால் என்ன ஆகும், பேசாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் பேசிவிட்டான். தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல்.

"சார், அன்னிக்கு நீங்க சொன்னமேரி இவங்களால சொல்ல முடியல. அவன் காட்டற பக்கத்தையே நம்பிடறாங்க. இன்னிக்கு ரொம்ப இருட்டிக்கிச்சு, எனக்கு சுத்தமா ஒண்ணும் தெரில. வந்து நில்லுங்க சார். மேனேஜர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வந்துடுங்க."

மேனேஜரின் சிகரெட் நெருப்பு அவன் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

அவன் திரும்பி, வந்த மாதிரியே தடவித் தடவிப் போனான். அவ்வளவுதான், முடிந்தது. குடியாத்தம் பஸ். தறிக்குழி. பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவன் வாயாலேயே கெட்டான், என்னைத் தேடி வந்து கெட்டான்.

மேனேஜர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். மிதித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"வருஷம் பூரா சார். எனக்குப் போன வாரம்தான் தெரியும்."

"இத்தனை பேருக்குத் தெரிஞ்சும் ஒருத்தன் என்கிட்ட சொல்லல."

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம் சார்."

நடுவர் விசில் ஊதினார். பந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஆற்காட்டுக்காரன் ஒருவன் எங்கள் கோலை நோக்கி ஓட ஆரம்பித்தான். மேனேஜர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க நின்னுக்கிட்டு என்னய்யா பண்ற? ஓடு!" என்றார். நான் நாலடி போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரொம்பக் கத்தாதீங்க. ஆற்காட்டுக்காரன் காதுல விழுந்துடப் போகுது!"

ஓடினேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முப்பத்தைந்து வயதில், மைதானத்தின் ஓரமாக ஓடினேன். ஓடும்போதும் சந்தேகம் விடவில்லை. ஆட்டம் முடியட்டும் என்று விடுகிறார், நாளைக்குக் காலையில் அனுப்பிவிடுவார். மேஸ்திரி எனக்கு இடம் விடாமல் நின்றார்.

"மேனேஜர் இன்னா சொன்னாரு?"

"எதிராளி காதுல வியாம கத்தணுமாம்."

"பொய் சொல்லாத."

"எங்க வூட்டுக்காரி மேல சத்தியமா."

அவர் நம்பவில்லை. இருந்தாலும் நகர்ந்து நின்றார். அன்று நாங்கள் கோல் வாங்கவில்லை. கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் உதைத்த பந்து ஆற்றுப் பக்கச் சரிவில் உருண்டு, ஆற்காட்டுக் கீப்பரை ஏமாற்றிவிட்டு உள்ளே போனது. யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று தெரியாது. இருட்டில் எல்லாரும் ஒன்றுதான்.

மறுநாள் காலை அவனை அனுப்பவில்லை. அடுத்த நாளும் அனுப்பவில்லை. மாதக் கடைசியில் அனுப்புவார் என்று காத்திருந்தேன். தீபாவளிக்கு முன்னால் அவனை நிரந்தரம் ஆக்கினார்கள். பகல் ஷிப்டு மட்டும் என்று போட்டிருந்தது. அந்த உத்தரவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தேன். எங்கேயோ ஒரு குற்றம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், பிறவியிலேயே உள்ளது, மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜரிடம், ஏன் சார் அப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லும் பதிலை நம்பியிருக்கமாட்டேன்.

அடுத்த வருஷம் முதல் ஆட்டத்தன்று கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு ஒன்று சேர்ந்துவிட்டது. தரம் பிரித்து முடிப்பதற்குள் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. நான் பின்பக்கமாக, ஊறல் தொட்டிகளின் நடுவே குறுக்கு வழியில் வந்தேன். நல்ல வெளிச்சம் இருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் கீப்பர் ஆட்டத்துக்குத் தயாராகாமல், பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோலுக்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒர்த்தர் கொறையிறாரே" என்றான். "நம்ம செலக்ஷன் அண்ணன் வர்லியா?"

"இப்ப வெளிச்சம் கீதேடா. பொயுது சாயறதுக்குள்ள வந்துடுவான்" என்றார் மேஸ்திரி.

"அதுக்கில்ல பாய். ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு கேட்டேன்."

நான் தொட்டிச் சுவரின் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மேஸ்திரி கேட்டார். தூசி விழுந்துவிட்டது என்றேன். அங்கே நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூட நம்பவில்லை.